மங்கம்மாவின் இடது கால்

மங்கம்மா தன் தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவள். அதைத் தவிர அவளிடம் மதிப்பதற்கு ஒன்றும் இருப்பதாக அந்த ஊர் நினைத்ததில்லை. சாலவாக்கத்துக்குப் போகிற டவுன் பஸ் நின்று போகும் ஊர் அது. ஊர் ஒரு பக்கம், ஏரிக்கால்வாய் தாண்டி காலனி இன்னொரு பக்கம். மங்கம்மா காலனிக்காரி. நாற்று நடுவாள், களை எடுப்பாள், கதிர் அறுப்பாள். ஊர்த்தெருவில் தண்ணீர் கேட்டால் செம்பை உயரத் தூக்கி அவள் உள்ளங்கையில் ஊற்றுவார்கள். அவள் நிழல் பட்டால் முகம் சுளிக்கிற பெரிய மனிதர்கள், இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று மட்டும் களத்து மேட்டில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, "மங்கம்மா, கொஞ்சம் மிதிச்சிட்டுப் போம்மா" என்று குழைவார்கள். அப்போது தீட்டு எந்தப் பக்கம் ஓடிப்போகும் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கால் முன்னால் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதற்கு முறையெல்லாம் உண்டு. இடது காலால் மூன்று மிதி. முதல் மிதி கெண்டைக்காலில், இரண்டாவது இடுப்பில், மூன்றாவது நடு முதுகில் ஓங்கி. நோவைக் கீழிருந்து மேலே விரட்டி ஏப்பமாக வெளியே தள்ளுகிறார்களாம். மிதிக்கிறவளும் பேசக் கூடாது, மிதிபடுகிறவனும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஒரு ஏப்பம் வந்துவிட்டால் எல்லாருக்கும் பரம திருப்தி.

இருபது வருஷமாக மிதித்து மிதித்து ஊரில் உள்ள முதுகு அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. நெல் மண்டி வைத்திருக்கும் பாண்டுரங்கனின் முதுகு வெண்ணெய்க்கட்டி. டீக்கடை பஞ்சாட்சரத்தின் முதுகில் ஒரே வேர்க்குரு. "நிமிந்து நின்னா ஆம்பள, குப்புறப் படுத்தா அம்புட்டும் ஊளச் சதை" என்று கால்வாயில் காலைக் கழுவிக்கொண்டே நடவுப் பெண்களிடம் சொல்லுவாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு அந்த முதுகுகள் மேல் ஏளனம், அந்தக் கால் மேல் கர்வம். இரண்டும் அளவுக்கு மீறியே இருந்தன.

ஒரே ஒரு முதுகை மட்டும் அவள் மிதித்ததில்லை. அது கட்டிய புருஷன் இருசப்பனுடையது. புருஷன்மேல் பெண்டாட்டியின் கால் பட்டால் பாவம் என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். இருசப்பன் லாரிக்கு வைக்கோல் பாரம் ஏற்றுகிறவன். முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டில் இருக்கிற காலை விட்டுவிட்டு, காவாந்தண்டலத்தில் கால் முன்னால் பிறந்த கிழவன் ஒருவனிடம் சைக்கிள் மிதித்துப் போய் மிதி வாங்கிக்கொண்டு வருவான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். பாண்டுரங்கனின் களத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாரத்தின் உச்சியில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் இருசப்பன். கயிறு அறுந்தது. மல்லாந்தபடி களத்து சிமெண்ட் தரையில் வந்து விழுந்தான். காலை ஒன்பது மணி, நல்ல வெளிச்சம், சுற்றிலும் பத்துப் பேர். யாருமே இல்லாத பொட்டல் காட்டில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ.

பத்துப் பேருக்கும் கை சும்மா இருக்குமா? களத்து மேஸ்திரி தாமோதரன் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தான். தலை தொங்கியது. இன்னொருவன் முடியைப் பிடித்து நிமிர்த்தினான். ஒருவன் வாயில் சோடா ஊற்றினான். ஒருவன் முகத்தில் தண்ணீரை அடித்தான். ரத்த ஓட்டம் வரட்டும் என்று இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து மடக்கி நீட்டினார்கள். எதற்கு மடக்குகிறோம் என்று மடக்கியவர்களுக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவன் ஏதாவது செய்யும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மரியாதை இல்லையே!

"வலது காலு ஜிவ்வுன்னு கீதுப்பா. வெரலு அசைது. ஆனா எயுந்துக்க முடில" என்றான் இருசப்பன்.

டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு வந்த பஞ்சாட்சரம் திருவாய் மலர்ந்தார். "வெரலு அசைதுல்ல? அப்ப ஒண்ணியும் இல்ல. நரம்பு பொரண்டுகினு கீது. பிடிப்புதான். மங்கம்மாவ இட்டுக்கினு வாங்க."

"புருசன எப்படிப்பா மிதிப்பா?" என்று யாரோ இழுத்தார்கள்.

"அட, ஆபத்துக்குப் பாவம் இன்னா? நான் சொல்றேன், மிதிக்கட்டும்." அவர் சொன்னதும் சட்டம் தளர்ந்துவிட்டது. ஊர்ச் சட்டம் எப்போதும் டீக்கடைக்காரர் வாயில்தான் இருந்தது.

நவரைப் பட்டத்து நடவில் இருந்த மங்கம்மா முழங்கால் சேற்றோடு ஓடிவந்தாள். அவள் வருவதற்குள் புருஷனைக் குப்புறப் போட்டிருந்தார்கள். அவளுக்குள்ளே ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. இத்தனை வருஷம் பார்த்த முதுகுகளில் எதுவும் இப்படி நடுவில் புடைத்துக்கொண்டு இருந்ததில்லை. ஆனால் ஊரே சுற்றி நின்றுகொண்டு அவள் காலையே பார்த்தது. தாமோதரன் கையெடுத்துக் கும்பிடுகிறான். பாண்டுரங்கனே வந்து, "நீதாம்மா காப்பாத்தணும்" என்கிறார். அந்த நிமிஷத்தில் வேண்டாம் என்ற குரலை அவள் கேட்கவில்லை. கெண்டைக்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று, நடு முதுகில் ஓங்கி ஒன்று. முறைப்படி இருசப்பன் வாய் திறக்கவில்லை. ஏப்பமும் வரவில்லை.

அதற்கு மேல் யாரும் அவன் கால் விரலைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் மூட்டையை மடித்துத் திணிக்கிற மாதிரி திணித்து உத்திரமேரூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தவுடன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது மணி நாலு. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. இரண்டு காலும் அசையவில்லை. கிள்ளினால் தொடை மட்டும் தெரிந்தது. மறுநாள் தொடையும் மரத்தது. மூன்றாம் நாள் தொப்புளுக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை.

ஆஸ்பத்திரியில் கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வந்தவள் ஷீபா. பிசியோதெரபி படித்தவள், முப்பது வயது கூட இருக்காது. மங்கம்மாவை "அக்கா" என்று கூப்பிட்ட முதல் படித்த மனுஷி அவள்தான். ஒரு நாள் மங்கம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

"விழுந்தது மொத நாளு. ஆனா மரப்பு ஏன் மூணு நாளா மேல மேல ஏறிக்கினே போச்சி? தொட தெரிஞ்சிக்கினுதான இருந்திச்சி?"

ஷீபா கட்டில் ஓரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "முதுகெலும்புக்கு உள்ள நரம்பு ஓடுதுக்கா, வயர் மாதிரி. அந்த வயருங்க தனியா இல்ல. அதுங்களுக்குச் சோறு ஊட்ட, குப்பை அள்ள, காவல் காக்கன்னு சுத்திலும் துணைச் செல்லுங்க இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உசுருங்கன்னு வெச்சிக்கோங்க. அடி பட்டவுடனே மொதல்ல முழிச்சிக்கிறது அதுங்கதான். கொஞ்ச நேரத்துலயே உப்பிப் பெருத்துடும். ஒரு ரசாயனத்தைக் கக்கி, ஓடி வா ஓடி வான்னு ரத்தத்துல இருக்கிற மத்த செல்லுங்களையும் கூப்பிடும். வந்ததுங்க செத்த நரம்பைத் தின்னும். அதோட நிக்காது. பக்கத்துல நல்லா இருக்கிற நரம்பையும் சேர்த்துச் சாகடிக்கும். எலும்புக் குழாய்க்குள்ள வீங்குறதுக்கு எடம் ஏது? வீக்கம் மேலயும் கீழயும் நெருக்கும். விழுந்தப்போ போனது கொஞ்சம். அதுக்கப்புறம் நாள் கணக்குல இதுங்க பண்ற ரகளையில போறதுதான் மிச்சம். அண்ணனுக்குத் தொடையிலேர்ந்து தொப்புள் வரைக்கும் போனது அப்படித்தான்."

மங்கம்மா சிரித்தாள். ஐந்து நாளாக அழுதுகொண்டிருந்தவள் முதல் முறையாகச் சிரித்தாள். "அட சண்டாளனுங்களா! எங்க ஊரு ஆளுங்க ஒடம்புக்குள்ளயும் குந்திகினு கீறானுங்களா? ஒருத்தன் வுழுந்தா ஊரக் கூட்டிக்கினு வந்து மேல வுழுவானுங்க. ஒத்தாச பண்றேன்னு உசுர எடுப்பானுங்க."

"ஒரேயடியா திட்டாதீங்கக்கா. அதுங்க இல்லன்னாலும் ஆகாது. குப்பையை அள்றதும் அதுங்கதான். கடைசியில தழும்பு மாதிரி வேலி கட்டி, ரகளை பரவாம நிறுத்துறதும் அதுங்கதான். ஆனா அந்த வேலியைத் தாண்டி நரம்பு மறுபடி வளர முடியாது. எட்டு மணி நேரத்துக்குள்ள வந்தா வீக்கத்தை அடக்க ஒரு ஊசி போட்டுப் பார்ப்பாங்க. அதுவும் கேக்கும்னு உறுதி கிடையாது. அண்ணனுக்கும் போட்டாங்க, கேக்கல."

மங்கம்மா தன் இடது காலைப் பார்த்தாள். "நானு மிதிச்சேனே?"

ஷீபா பொய் சொல்கிற ரகம் இல்லை. "மிதிச்சிருக்கக் கூடாது. ஒண்ணு மட்டும் கேளுங்க. மொத மிதி கெண்டைக்கால்ல மிதிச்சதா சொன்னீங்களே, அது அவருக்குத் தெரிஞ்சுதா? தெரியலைன்னா, நீங்க முதுகுல கால் வைக்கறதுக்கு முன்னாடியே காலு போயிருக்கு. தெரிஞ்சிருந்தா, அதுவரைக்கும் உள்ள உசிரு இருந்திருக்கு."

மங்கம்மா அன்றைக்கே கேட்டாள். இருசப்பன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணியும் தெரியலமே. நீ வரதுக்கு முந்தியே மரத்துப்பூட்ச்சி" என்றான்.

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஊர் திரும்பினாள். மூன்று வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் புண் வைத்துவிடும். வயலில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்து புரட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். மூத்திரக் குழாய் மாற்றுவாள். மரத்துப்போன காலை, ஷீபா சொல்லிக்கொடுத்தபடி மடக்கி நீட்டுவாள். இத்தனையும் செய்ய அவளுக்குத் தெம்பு கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: காலை எடுத்தவர்கள் அவர்கள், நான் இல்லை. அந்தப் பதில் இல்லையென்றால் அவளால் அவன் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் ஊர் இருக்கிறதே, அது அவளைவிடக் கெட்டி. ஷீபா சொன்னதை அவள் ஒருநாள் ஆத்திரத்தில் களத்து மேட்டில் நின்று கத்திவிட்டு வந்தாள். "ஒங்களப் போல துணைதான் உள்ளயும் புகுந்து தின்னுச்சாம்" என்று திட்டினாள். ஊர் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டது. ஒரே வாரத்தில் தாமோதரன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தான். "நாங்க தூக்குனதால ஒண்ணியும் ஆவலப்பா. டாக்டரம்மாவே சொல்ட்டாங்க. அது உள்ள கீற துணைச் செல்லுங்க பண்ண வேல. நாம இன்னா பண்றது?" பஞ்சாட்சரம் டீயை ஆற்றிக்கொண்டே, "அவனவன் செல்லு அவனவனுக்கு" என்று தீர்ப்பு சொன்னார். அக்குளில் கை கொடுத்தவன், முடியைப் பிடித்தவன், சோடா ஊற்றியவன், காலை மடக்கியவன் எல்லாரும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். ஒருவன், ஒரே ஒருவன்கூட வந்து, "தெரியாம தூக்கிட்டேம்மா" என்று சொல்லவில்லை. வந்தவர்கள் பன் ரொட்டியும் புத்திமதியும் கொண்டுவந்தார்கள். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு புத்திமதியோடு அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

அவள் அதற்கப்புறம் யாரையும் மிதிக்கவில்லை. கூப்பிட்டால், "ஒங்க ஊட்டு செல்லுங்களக் கூப்டு மிதிக்கச் சொல்லு" என்பாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், ஆடி மாதம், பாண்டுரங்கனின் இடுப்பு பிடித்துக்கொண்டது. நெல் மூட்டையைத் தூக்கியிருந்தாலாவது பரவாயில்லை, கல்லாப்பெட்டிக்குக் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாராம். மாத்திரை, தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, காலனிக்கே வந்தார். அவர் வயசுக்கு அன்றுதான் கால்வாயைத் தாண்டியிருக்கிறார். கூடவந்தவர்கள் மங்கம்மாவின் வாசலில் தார்ப்பாயை விரித்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார் மனிதர்.

"எயுந்துக்க, நைனா. நானு மிதிக்கிறத வுட்டு மூணு வருசமாவுது. ஆஸ்பத்திரிக்குப் போ."

"அட போம்மா. ஒன் கால் மேல இன்னா குத்தம் கீது? அதான் துணைச் செல்லு பண்ணுச்சின்னு ஊருக்கே தெரியுமே. ஒன் புருசனே சொல்லிக்கினு கீறான், நீ மிதிக்கச்சொல்லோ ஒண்ணியும் தெரியலன்னு. இருசப்பா, நீ சொல்லுடா ஒன் பொண்டாட்டிக்கு!"

உள்ளே படுத்திருந்த இருசப்பனுக்கு உற்சாகம் பொங்கியது. மூன்று வருஷமாக மங்கம்மா அந்தக் காலையே ஏதோ ஒட்டிக்கொண்ட பீடை போல இழுத்துக்கொண்டு நடப்பதை அவன் படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய வீட்டுக்காரரே வாசலில் வந்து கிடக்கிறார், பழைய மரியாதை அவளுக்குத் திரும்பட்டுமே என்று நினைத்தான் பாவம்.

"மிதிமே! நைனாவே வந்து கீறாரு. நைனா, அவ காலு லேசுப்பட்ட காலு இல்ல. குதிகால் வெடிப்பு கெண்டையில உரசும் பாருங்க, உப்புத்தாள் வெச்சித் தேய்ச்சா மாதிரி சுருக்குனு இருக்கும். அதுலயே பாதி நோவு பூடும்" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாசலில் யாருக்கும் உறைக்கவில்லை. பாண்டுரங்கன், "அப்படிச் சொல்லு!" என்று தார்ப்பாயில் முகத்தை வைத்துக்கொண்டார். மங்கம்மா மட்டும் அசையாமல் நின்றாள். அவள் புருஷன்மேல் அவள் கால் பட்டது ஆயுசில் ஒரே ஒரு தடவை.

உள்ளே போனாள். கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"கெண்ட தெரிஞ்சிச்சா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கேக்கிறேன்ல? தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சி."

"இடுப்பு?"

"அதுவும்."

"முதுவு?"

இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டான். "சடக்குன்னு ஒரு சத்தம் கேட்டிச்சி. அதுக்கப்புறம் காலு எங்க கீதுன்னே தெரியல."

ஷீபா பக்கத்தில் இருந்திருந்தால், ஒரு சத்தத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, முன்னமே நசுங்கியிருந்தது, வீக்கம் ஆரம்பித்திருக்கும், அது இது என்று சொல்லியிருப்பாள். மங்கம்மாவுக்கு அது தெரியும். தாமோதரன் அந்தப் பேச்சுக்குள்தான் மூன்று வருஷமாக ஒளிந்துகொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். அவனைக் காறித் துப்பிய வாயால் அந்தப் பேச்சை இப்போது தனக்காக எடுத்துக்கொள்ள அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏன்யா பொய் சொன்ன?"

"நெஜத்தச் சொன்னா நீ ஏரில வுழுந்திருப்ப. அப்பால என்ன யாரு பொரட்டிப் போடறது? தாமோதரனா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"மங்கம்மா! எம்மா நேரம்? மிதிக்கிறயா இல்லயா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அவள் வாசலுக்கு வந்தாள். தார்ப்பாயில் அந்த வெண்ணெய்க்கட்டி முதுகு காத்துக்கொண்டிருந்தது. காலனியில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடவந்தவர்களில் தாமோதரனும் இருந்தான். அவனைப் பார்த்துத்தான் சொன்னாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

"கேட்டுக்க. நானு வரச்சொல்லோ எம் புருசன் காலு உசுரோடதான் இருந்திச்சி. இந்தக் காலுதான் அத எடுத்திச்சி. செல்லு இல்ல, நானு. ஊருல போய்ச் சொல்லு. நீயும் உன் பங்க என்னிக்காச்சும் சொல்லு. இப்ப நைனாவத் தூக்கிக்கினு கெளம்பு."

தாமோதரன் தார்ப்பாயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை. மங்கம்மா உள்ளே போய் மணியைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இருசப்பனின் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து வலப்பக்கமாகப் புரட்டிப் போட்டு, முட்டிகளுக்கு நடுவே தலையணையை வைத்தாள்.